இரவுச் சமையலில் நேரம் எங்கே போகிறது?

"இன்னைக்கு ராத்திரி என்ன சமையல்?"

கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் மாலை ஆறு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வந்து விழும் கேள்வி இது. பதில் கிடைக்காத நாள்களில் இருக்கவே இருக்கிறது கைப்பேசிச் செயலி. இல்லையென்றால் புளோக்கின் கீழே காப்பிக்கடை. அதுவும் இல்லாவிட்டால் உடனடி நூடல்ஸ்.

சமைக்க நேரமில்லை என்று எல்லாரும் சொல்கிறோம். அந்த நேரம் சரியாக எங்கே செலவாகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. ஒரு திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும், கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டே சமைத்தேன். சோறு, சாம்பார், பயத்தங்காய்ப் பொரியல், அவித்த முட்டை. விருந்துச் சமையல் ஒன்றும் இல்லை. மொத்தம் 72 நிமிடங்கள் ஆயின.

கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் வியப்பு. என்ன சமைப்பது என்று யோசித்ததும் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து தேடியதும் 9 நிமிடங்கள். கழுவி, உரித்து, நறுக்கியது 24 நிமிடங்கள். பருப்பு வேகக் காத்திருந்தது 14 நிமிடங்கள். பாத்திரம் கழுவியது 10 நிமிடங்கள். அடுப்பருகே நின்று கிளறியது, தாளித்தது எல்லாம் சேர்த்து வெறும் 15 நிமிடங்கள்தான்!

சமையல் நம்மைக் களைப்பாக்குவதில்லை. சமையலுக்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலைகள்தான் களைப்பாக்குகின்றன. வேகமாக நறுக்கக் கற்றுக்கொள்வதும் புதிய கருவிகளை வாங்கிக் குவிப்பதும் இதற்குத் தீர்வாகாது. அந்த 57 நிமிடங்களை வாரநாள் மாலையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். அதை எப்படிச் செய்யலாம் என்பதைத்தான் கடந்த சில மாதங்களாக எங்கள் வீட்டில் முயன்று வருகிறோம்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏன் இத்தனை பாடு?

எங்களுடன் என் அப்பா இருக்கிறார். வயது 71. பல ஆண்டுகளாக நீரிழிவு. சென்ற ஆண்டு பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 8.1 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. அடுத்த முறையும் குறையவில்லை என்றால் இன்சுலின் ஊசி பற்றி யோசிக்க வேண்டும் என்றார் மருத்துவர். அப்பாவுக்கு ஊசி என்றாலே பயம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவே இல்லை.

தாதி கேட்ட முதல் கேள்வி, "வாரத்தில் எத்தனை நாள் வெளிச்சாப்பாடு?" என்பதுதான். வெளிச்சாப்பாடு எல்லாமே கெடுதல் என்று அவர் சொல்லவில்லை. உணவங்காடி நிலையங்களில் நல்ல சாப்பாடும் கிடைக்கிறது. ஆனால் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு உப்பு, எவ்வளவு சோறு, எவ்வளவு காய் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்கிறார். வீட்டில் சமைத்தால் அதை நாம் முடிவு செய்கிறோம். ஊசியைத் தள்ளிப்போட அப்பாவுக்கு வேண்டியது அந்த உரிமை.

சிங்கப்பூர் 2016ஆம் ஆண்டில் நீரிழிவு நோய்க்கு எதிரான போரை அறிவித்தது நினைவிருக்கலாம். இங்குள்ள இந்தியர்களிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதும் நமக்குப் புதிய செய்தியன்று. சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கும் உணவுத் தட்டு மிக எளிமையானது. தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு முழுத்தானியம். மீதிக் கால் பங்கு மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, தோஃபு போன்ற புரதம். மலேசியாவிலும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று இதையேதான் சொல்கிறார்கள்.

சொல்வது எளிது. இரவு ஏழரை மணிக்குப் பசியோடு வீட்டில் நுழைபவருக்கு, தட்டில் பாதியை நிரப்பும் அளவுக்குக் காய் நறுக்கத் தெம்பு இருக்குமா? அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு காலை 90 நிமிடங்கள்

வாரம் முழுவதற்கும் குழம்பு வைத்து டப்பாக்களில் அடுக்கும் முறை எங்கள் வீட்டில் எடுபடவில்லை. மூன்றாம் நாள் அதே குழம்பைப் பார்த்தால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே குழம்பைச் செய்து வைப்பதில்லை. குழம்புக்கான அடிப்படைகளை மட்டும் செய்து வைக்கிறோம். அவற்றிலிருந்து எந்தச் சுவைக்கும் போகலாம்.

வெங்காயத் தக்காளித் தொக்கு: ஒரு கிலோ பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, 6 மேசைக்கரண்டி எண்ணெயில், இரண்டு தேக்கரண்டி உப்புச் சேர்த்து வதக்குங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுப்பதால் சீக்கிரம் வதங்கும். பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு விழுது 4 மேசைக்கரண்டி, பிறகு முக்கால் கிலோ தக்காளி, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள். எண்ணெய் பிரியும்வரை சுருள வதக்கினால் போதும். மிளகாய்த்தூள், மல்லித்தூள் எதுவும் வேண்டாம். அப்போதுதான் இதே தொக்கு மீன் குழம்புக்கும் ஆகும், கொண்டைக்கடலைக்கும் ஆகும். ஆறியதும் ஆறு பங்காக்கி, பைகளில் விரல் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். உருண்டையாக உறைந்த தொக்கு இளக வெகுநேரம் எடுக்கும். தட்டையானதை அப்படியே உடைத்துச் சட்டியில் போடலாம்.

வேகவைத்த பருப்பு: ஒன்றரைக் கப் துவரம் பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து, பிரஷர் குக்கரில் குழைய வேகவைத்து மூன்று பங்காக்குங்கள். பருப்பு நுரைத்துப் பொங்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஒரு பங்கு சாம்பாருக்கு, ஒன்று கூட்டுக்கு, ஒன்று ரசத்துக்கு. குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உறையவைத்துவிடுங்கள்.

கொண்டைக்கடலை: அரைக் கிலோவைச் சனிக்கிழமை இரவே ஊறப்போட்டு மறுநாள் வேகவைத்து, ஒவ்வொரு கப்பாகப் பிரித்து உறையவைக்கிறேன். டின்னில் வருவதைவிட மலிவு. உப்பும் நம் கையில்.

புளிக்கரைசல்: 100 கிராம் புளியை இரண்டு கப் சுடுநீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தால் ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை.

காய்கறியில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. எல்லாவற்றையும் முன்கூட்டியே நறுக்கக்கூடாது. கேரட், பீன்ஸ், பயத்தங்காய், முட்டைக்கோஸ் ஆகியவை நறுக்கி மூடி வைத்தால் மூன்று நாளுக்குத் தாங்கும். வெண்டைக்காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்து முழுதாகவே வையுங்கள். சமைக்கும்போது நறுக்கினால் வழவழப்பு இருக்காது. கங்கோங், பசலை போன்ற கீரைகளை ஆய்ந்து, காகிதத் துண்டில் சுற்றி வைத்து, இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் கீரைக்குத் திங்கள், செவ்வாய். முட்டைக்கோஸுக்கு வியாழன்.

மீனைப் பொறுத்தவரை ஈரச்சந்தையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். தேக்கா சந்தையானாலும் உங்கள் வட்டாரச் சந்தையானாலும், மீன்காரரிடமே செதில் எடுத்துத் துண்டு போட்டுத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவி, மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் தடவி, ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்து உறையவையுங்கள். முதல்நாள் இரவே ஒரு பையை உறைபெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி, ஒரு தட்டின்மேல் வைத்தால், மறுநாள் மாலை சமைக்கத் தயார். பச்சை மீன் எப்போதும் சமைத்த உணவுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதன் நீர் சொட்டினாலும் எதையும் கெடுக்காது.

இத்தனைக்கும் சேர்த்து 90 நிமிடங்கள்தான். தொக்கு ஓர் அடுப்பில் வதங்கும்போதே இன்னோர் அடுப்பில் குக்கர் இருக்கும். விசில் வருவதற்குள் காய் நறுக்கிவிடலாம்.

யோசிக்கும் வேலைக்கும் ஒரு விடுப்பு

காலையிலிருந்து அலுவலகத்தில் நூறு முடிவு எடுத்துவிட்டு வந்தவருக்கு 'என்ன சமைப்பது' என்பது நூற்று ஒன்றாவது முடிவு. அதையும் ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடலாம். ஏழு நாளுக்கும் பட்டியல் எழுதுவது எனக்குச் சரிப்படவில்லை. கிழமைக்கு ஒரு வகை என்று மட்டும் வைத்திருக்கிறோம்.

திங்கள்: பருப்பும் கீரையும். செவ்வாய்: மீன். புதன்: ஒரே பானையில் ஆகும் சோறு. வியாழன்: மீந்தவற்றை மாற்றிச் சமைப்பது. வெள்ளி: சைவம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எப்படியும் சைவம்தான் என்பதால் அது வசதியாகிவிட்டது. சனிக்கிழமை வெளியே சாப்பிடுகிறோம்.

வகை முடிவாகிவிட்டால் மீதி எளிது. செவ்வாய் என்றால் மீன். குழம்பா, வறுவலா என்பதை வீட்டுக்கு வரும் ரயிலில் நின்றுகொண்டே முடிவு செய்யலாம்.

நான்கு வேளை, நான்கு விதம்

எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வதில் நான்கைச் சொல்கிறேன். எல்லாம் நால்வர், ஐவருக்கான அளவு.

ரைஸ் குக்கர் கடலைச் சோறு: ஒன்றரைக் கப் பாஸ்மதி அரிசியைக் கழுவிக் கால்மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கப் தண்ணீரில் ஒரு பங்கு தொக்கு, ஒரு தேக்கரண்டி கரம் மசாலா, சிறிது உப்பைக் கரைத்துவிட்டு அரிசி, ஒரு கப் வெந்த கொண்டைக்கடலை, ஒரு கப் நறுக்கிய கேரட், பீன்ஸ், ஒரு முடிச்சுப் பாண்டான் இலை சேர்த்துப் பொத்தானை அழுத்துங்கள். குக்கர் நின்றதும் பத்து நிமிடம் அப்படியே விட்டுக் கிளறிவிடலாம். வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி போதும். கடலையும் காயும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், ஒரு கிண்ணத்தில் அரிசியின் பங்கு தானாகவே குறைகிறது.

இதில் தொக்கைக் கரைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ரைஸ் குக்கருக்குக் கடிகாரம் தெரியாது, வெப்பம்தான் தெரியும். தண்ணீர் இருக்கும்வரை பானையின் வெப்பம் 100 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். அரிசி நீரை உறிஞ்சி முடித்ததும் வெப்பம் அதற்கு மேல் ஏறும். உடனே குக்கர் நின்றுவிடும். கெட்டியான மசாலா அடியில் தங்கினால் அந்த இடம் மட்டும் சூடேறி, அரிசி வேகும் முன்பே குக்கர் ஏமாந்துவிடும். 1955ல் தோஷிபா நிறுவனம் முதன்முதலாகத் தானியங்கி மின்குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதை வடிவமைத்த யோஷிதாடா மினாமியின் மனைவி ஃபூமிகோதான் வீட்டில் திரும்பத் திரும்பச் சோறு வடித்துச் சோதித்துப் பார்த்தவர். நாம் இன்று அழுத்தும் ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஓர் இல்லத்தரசியின் உழைப்பும் இருக்கிறது.

டின் சார்டின் புளிக்குழம்பு: மீன் வாங்க முடியாத வாரத்துக்கு இது கைகொடுக்கும். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, சிறிது வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பத்து வெண்டைக்காயை இரண்டாக நறுக்கி மூன்று நிமிடம் வதக்குங்கள். ஒரு பங்கு தொக்கு, ஒன்றரை மேசைக்கரண்டி மீன் குழம்புத்தூள், மூன்று மேசைக்கரண்டி புளிக்கரைசல், ஒன்றரைக் கப் தண்ணீர். ஏழு நிமிடம் கொதித்ததும் பெரிய டின் சார்டினைச் சாற்றோடு மெதுவாக இறக்கி மேலும் மூன்று நிமிடம். கிளறினால் மீன் உடைந்துவிடும், சட்டியை ஆட்டிவிட்டால் போதும். டின்னிலும் தொக்கிலும் உப்பு இருப்பதால் ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது. முள்ளும் மெத்தென்று இருக்கும், அப்படியே சாப்பிடலாம், சுண்ணாம்புச் சத்து.

தௌகே தோஃபு பொரியல்: கெட்டித் தோஃபு இரண்டு துண்டைச் சதுரமாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சிவக்கவிட்டு எடுத்துவையுங்கள். அதே சட்டியில் கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய், நசுக்கிய பூண்டு. தாளிப்பு மணத்ததும் கழுவி வடித்த 200 கிராம் தௌகேயைப் போட்டு, அடுப்பைக் கூட்டி இரண்டே நிமிடம். தோஃபுவைத் திரும்பச் சேர்த்து, மிளகுத்தூள், உப்பு, அரைமூடி எலுமிச்சை. சீனர் சமையலின் பொருள், நம் தாளிப்பு. நறுக்க வேண்டிய வேலையே கிட்டத்தட்ட இல்லை.

இடியாப்பக் கொத்து: காலையில் வாங்கிய இடியாப்பம் ஐந்தாறு மீந்திருந்தால் பிய்த்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இரவில், நறுக்கிய முட்டைக்கோஸும் கேரட்டும் இரண்டு கப் எடுத்து வதக்கி, அரைப் பங்கு தொக்கு, சிறிது மிளகாய்த்தூள், இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, கடைசியில் இடியாப்பத்தைச் சேர்த்து ஆவி பறக்கப் புரட்டுங்கள். பிள்ளைகளுக்கு இது மீந்த உணவு என்றே தெரியாது.

கூடவே ஐந்து நிமிட ரசமும் ஆகும். கால் கப் வெந்த பருப்பு, இரண்டு மேசைக்கரண்டி புளிக்கரைசல், ஒரு தக்காளி, இரண்டரைக் கப் தண்ணீர், இடித்த மிளகு, சீரகம், பூண்டு. நுரை கட்டியதும் இறக்கித் தாளித்துவிடலாம்.

அடுப்பை அணைத்த பிறகும் வேகும்

நேரத்தோடு எரிவாயுவையும் மிச்சப்படுத்த வழி உண்டு. அடுப்பை முழுவேகத்தில் எரியவிட்டால் குழம்பு சீக்கிரம் வேகும் என்று நினைக்கிறோம். உண்மையில் திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. கூடுதல் தீ நீரை ஆவியாக்கும், சமையலறையைப் புழுக்கமாக்கும், அவ்வளவுதான். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிட்டால் அதே நேரத்தில் வெந்துவிடும். பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே எரியும் தீயும் வீண்தான்.

பிரஷர் குக்கர் வேகமாக வேகவைப்பதற்கும் காரணம் இதுவே. உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடாகிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். அடுக்குப் பாத்திரம் இருந்தால் ஒரே தீயில் கீழே பருப்பு, மேலே உருளைக்கிழங்கு. நீராவி தானாக அடங்கும்வரை உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும். அவசரப்பட்டு மூடியைத் திறக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நறுக்கிய பலகையையும் கத்தியையும் கழுவிவிட்டால், கடைசியில் குவியும் பாத்திரமும் குறையும்.

முட்டை அவிக்கும்போது தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடி, 10 முதல் 12 நிமிடம் விடுங்கள். மீகூனுக்குக் கொதிநீரை ஊற்றி மூடினாலே போதும். இதே சூட்டைப் பல மணி நேரம் காத்துத் தருபவைதான் கடைகளில் விற்கும் வெப்பங்காக்கும் பானைகள். கஞ்சிக்கும் எலும்புச் சாற்றுக்கும் மிகவும் ஏற்றவை. சாப்பிடும் முன் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிடுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ராஜ்மாவை வெறும் சூட்டில் வேகவைக்கக்கூடாது. அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. குறைந்த வெப்பத்தில் அது அழியாது; கடும் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதித்த பிறகே மற்ற வழிகள். பிரஷர் குக்கரில் வைத்தால் கவலையில்லை.

மீந்த சோற்றில் கவனம்

வியாழக்கிழமை மீந்தவற்றுக்கான நாள் என்றேன். நம் ஊர் வெப்பத்தில் மீந்த சோறு கொஞ்சம் ஆபத்தானது. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள்கள் வேகும்போதும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது.

ஆகவே சோறு மீந்தால் இரவு முழுவதும் பானையில் விடாமல், அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாளே எலுமிச்சைச் சோறோ, முட்டைச் சோறோ செய்து முடித்துவிடுங்கள். ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்பவும் எடுத்து வைக்க வேண்டாம். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்புக்கும் இதே கண்டிப்பு தேவை.

மிச்சமாவது யாருடைய நேரம்?

இந்தக் குறிப்புகளை அலுவலகத்தில் பகிர்ந்தபோது ஒரு தோழி கேட்டார்: "எல்லாம் சரிதான் அக்கா, அந்த ஞாயிற்றுக்கிழமை 90 நிமிடம் யாரோட தலையில?"

நியாயமான கேள்வி. வாரநாள் சமையலைச் சுருக்கி, அதைப் பெண்களின் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுபோய் வைத்தால் அது மிச்சமாகாது, இடமாற்றம்தான். முன்தயாரிப்பில் ஒரு பெரிய வசதி, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது. எங்கள் வீட்டில் சந்தைக்குப் போவதும் மீன் கழுவுவதும் கணவர். தொக்கும் பருப்பும் நான். பதினொரு வயது மகன் பூண்டு உரிப்பான், கொண்டைக்கடலையை அளந்து பைகளில் போட்டுத் தேதி எழுதுவான். மகள் கீரை ஆய்வாள், வியாழக்கிழமை என்ன செய்யலாம் என்று முடிவு செய்வதும் அவள்தான். அப்பாவுக்குப் பயத்தங்காய் நறுக்குவது. "உட்கார்ந்துகிட்டே செய்யலாம்மா, எனக்குக் கொடு," என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பைகளில் பெயரும் தேதியும் எழுதியிருப்பதால், யார் முதலில் வீட்டுக்கு வந்தாலும் சமையலைத் தொடங்கிவிட முடிகிறது. 'எது எங்கே இருக்கிறது' என்பது ஒருவர் மண்டைக்குள் மட்டும் இருக்கும்வரை மற்றவர்களால் உதவ முடியாது. எங்கள் வீட்டில் நடந்த பெரிய மாற்றம் இதுதான்.

முறை பழகிய பிறகு மீண்டும் ஒரு திங்கட்கிழமை நேரம் பார்த்தேன். அதே சோறு, சாம்பார், பொரியல், முட்டை. 32 நிமிடங்கள். ஒரு நாளைக்கு 40 நிமிடம் குறைவு. வாரத்தில் நான்கு நாள் என்று வைத்தால் 160 நிமிடங்கள். ஞாயிற்றுக்கிழமையின் 90ஐக் கழித்தால் மிஞ்சுவது 70 நிமிடங்கள். பெரிய தொகையாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அது கிடைக்கும் வேளையைப் பாருங்கள். பசியும் களைப்பும் சேர்ந்து கோபமாக மாறும் மாலை நேரத்தில் அந்த 40 நிமிடங்களின் அருமை தனி.

அப்பாவின் தட்டும் மாறியது. முதல் வாரம், "சோத்தைக் குறைச்சா ராத்திரி பசிக்குமேம்மா," என்றார். காயும் பருப்பும் கூடியபோது பசி தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் அளவு 7.4க்கு இறங்கியிருந்தது. மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிட்டார், மாலையில் நடந்தார், சாப்பாடும் மாறியது. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதே எங்களுக்குப் போதும். நீரிழிவு உள்ளவர்கள் உணவை மாற்றும் முன் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாப்பாடு மாறினால் மருந்தின் அளவையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த வாரம் எங்கே தொடங்கலாம்?

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டாம். அலுத்துப்போகும். முதல் வாரம் தொக்கு மட்டும் செய்து பாருங்கள். இரண்டாம் வாரம் பருப்பு. பிறகு காய். தனியாக வாழும் இளையர்களுக்குப் பாதி அளவே போதும். ஒரு தொக்குப் பை, ஒரு கப் கடலை, ஒரு சின்ன ரைஸ் குக்கர் இருந்தால் வாடகை அறையிலும் இரவுச் சாப்பாடு தயார்.

அதற்கும் முன்பு, நாளை மாலை நீங்களும் ஒருமுறை கைப்பேசியில் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் நேரம் போவது நறுக்குவதிலா, தேடுவதிலா, பாத்திரம் கழுவுவதிலா என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வீடு அது மாறும். எதில் அதிகம் போகிறதோ அதை முதலில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். அன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்பதையும் சனிக்கிழமை இரவே பேசி முடிவு செய்துவிடுங்கள்.